சாயிமா நிமிர்த்திய கோணல் சேணம்

அப்படி இல்லை. சாயிமா விடியுமுன் எழுந்து போனது ஒரு குதிரையைப் பார்க்க. ஆளைப் பார்க்க இல்லை. குழாயடியில் நூறு தடவை சொல்லியாயிற்று. எழுதியும் வைத்துவிட்டால் இனி யாரும் என்னிடம் வந்து கேட்க வேண்டாம்.

"குதிரையப் பாக்கப் போறவ எதுக்கு ஆச்சி செண்ட் பூசிட்டுப் போணும்?" என்று கேட்டவள் மூன்றாம் வீட்டு ஷாலினி.

"அது செண்ட் இல்லட்டி. எலுமிச்சம்புல் எண்ணெய். ஈ அண்டாம இருக்கக் குதிரைக்குத் தடவுதது. அவ கையில ஒட்டிக்கிட்டு வருது."

"பேண்ட்டுல்லா போட்டுட்டுப் போறா."

"நீ சேலையக் கட்டிக்கிட்டு ஏறிக் காட்டு, பாப்போம்."

ஷாலினி சிரித்தாள். ஆனால் பேச்சை விடவில்லை. சாயிமா வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த அட்டைகளைப் பற்றி ஆரம்பித்தாள். வில் மாதிரி வளைத்து வெட்டிய அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. யாருக்கோ செய்வினை வைக்கிறாள் என்று சந்து முழுக்கப் பேச்சு. அவை என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை. சாயிமா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது அந்தச் சத்தியம் தீர்ந்துவிட்டது.

எனக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அவர்களுக்குக் கடையநல்லூர்ப் பக்கம். வாப்பா காலத்திலிருந்து தாராவியில் தோல் வேலை. வாப்பா மௌத்தான பிறகு அண்ணன் ஷாகிர் கார்கானாவை, அதாவது பட்டறையை, நடத்துகிறான். பை, பெல்ட், பர்ஸ் என்று வருகிற வேலை. சாயிமாவுக்கு முப்பத்துநாலு வயது. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை. மூன்றாவது வருடம் பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்த மறுநாளே குத்தூசியை எடுத்துக்கொண்டு கார்கானாவில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கைத்தையல் மெஷின் தையலைவிட நேராக இருக்கும். இதை ஷாகிரே சொல்லுவான், அவள் பக்கத்தில் இல்லாதபோது.

எங்கள் பக்கத்துத் தோல் தொழிலுக்குச் சட்டம் ஒன்றுதான். சாம்பிள் எப்படியோ சரக்கு அப்படி. வெளிநாட்டுப் பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், அதன் ஓரத்தில் இருக்கிற கீறலோடு சேர்த்து ஆயிரம் பை வெளியே போகும். செம்பூரில் உப்பளத்துப் பக்கம் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. அவர்கள் ஒரு பழைய சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இதே மாதிரி ஆறு வேண்டும் என்றார்கள். கார்கானாவில் ஒருவரும் குதிரையைத் தொட்டது கிடையாது. கல்யாண ஊர்வலத்தில் ரோட்டோரம் நின்று பார்த்ததோடு சரி.

சாயிமாதான் அந்தப் பழைய சேணத்தைப் பிரித்துப் பார்த்தாள். அடிப்பக்கம் இரண்டு மெத்தை இருக்கும், குதிரையின் முதுகெலும்புக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. உள்ளே கம்பளிப் பஞ்சு. எத்தனை வருடமாக எவன் ஒருச்சாய்ந்து உட்கார்ந்தானோ, இடது மெத்தை அமுங்கிக் கல்லாகக் கிடந்தது.

"காக்கா, எடப்பக்கம் அரை விரல் கம்மியா இருக்கு. கோணலால்லா இருக்கு" என்றாள் அண்ணனிடம்.

"சாம்பிள் கோணல்னா நம்மதும் கோணல். சாம்பிளப் பாக்கதுதான் நம்ம வேலை. குதிரையப் பாக்கது இல்ல."

ஆறிலும் இடது மெத்தையை அரை விரல் குறைத்து, கல்லாக இறுகும்வரை குத்திக் குத்திப் பஞ்சடைத்தாள். பள்ளிக்காரர்கள் வந்து அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மெச்சினார்கள். அன்றைக்கு ஷாகிர் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கினான். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு வருடம் போயிற்று. மே மாதம், வார் அறுந்துவிட்டது, ஆள் அனுப்புங்கள் என்று அங்கிருந்து போன் வந்தது. ஷாகிருக்குக் காய்ச்சல். சாயிமா ஊசி நூலோடு பஸ் ஏறினாள்.

அங்கே லாயத்தின் கடைசியில் ஒரு கதவில் மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. உள்ளே ஒரு செவலைப் பெண் குதிரை. மகாலட்சுமி மைதானத்தில் பந்தயம் ஓடி முடித்து இங்கே வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டாம். நான் செவலை என்றே சொல்லுகிறேன், அது எனக்குக் கோபித்துக்கொள்ளாது. குதிரைகளைக் கவனிக்கிற சிராஜ், "ஹாத் மத் லகானா, பாகல் ஹை" என்றான். தொடாதே, அது பைத்தியம் என்று அர்த்தம். ஏறினவர் ஐந்து பேரையும் கீழே தள்ளியிருக்கிறது. கடைசியாக விழுந்தவர் பள்ளியை நடத்தும் அனந்த் சார். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு அலைகிறார். பாண்டுப்பில் ஊர்வலக் குதிரை வைத்திருக்கும் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்தாயிற்று. கல்யாண சீசன் தொடங்கினதும் வண்டி வரும்.

சாயிமா கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில், இடப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குப் புண். வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. சுவரில் தொங்கிய சேணத்தைக் கழற்றித் திருப்பி இடது மெத்தையில் கை வைத்தாள். அவளுடைய தையல். அவளுடைய அரை விரல்.

அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து உட்கார்ந்தாள். டீ கொடுத்தேன், தொடவில்லை.

"ஆச்சி, ஒரு வாயில்லாச் சீவனுக்குப் புண்ண நான்தான் வச்சிருக்கேன். அது நோவுதுன்னு உதைச்சிருக்கு. அதுக்குப் பைத்தியம்னு பேரு வச்சிட்டாவ."

"ஒங்க அண்ணன்லா அப்படித் தைக்கச் சொன்னான்."

"கை என் கை."

மறுநாள் போய் அனந்த் சாரிடம் நேராகவே சொல்லிவிட்டாள். அவர் மாட்டுங்காக்காரர், ராணுவத்தில் குதிரைப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாராம்.

"அப்போ என் கை உடைஞ்சதுக்குக் குதிரை காரணம் இல்லை, உங்க தையல்தான் காரணம்னு சொல்றேள்."

"நீங்க தந்த சாம்பிள் கோணல் சார். கோணல்னு தெரிஞ்சும் தச்சது நான்."

"மத்த குதிரையெல்லாம் ஒண்ணும் சொல்லலையே."

"அதுகளுக்கு முதுகு பரந்து கெடக்கு. கம்பளிய ரெண்டா மடிச்சுப் போட்டுச் சமாளிக்கிய. இதுக்கு எலும்பு எடுப்பா நிக்கி. நேரா எலும்புலல்லா அழுத்துது."

படைக் குதிரைகளோடு இருபது வருடம் இருந்தவருக்கு, குதிரையைத் தொட்டே அறியாத ஒருத்தி வந்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"சரி, இப்போ என்ன பண்ணணும்ங்கறேள்?"

"சீசன் வரைக்கும் அத என்கிட்ட விடுங்க. புண்ண ஆத்தி, வேற சேணம் தச்சு, பழக்கித் தாரேன்."

"யார் ஏறிப் பழக்குவா?"

"நான்தான்."

"இதுக்கு முன்னால ஏறியிருக்கேளா?"

"ஸ்கூட்டில போயிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கினதும் கணக்காகச் சொன்னார். நவம்பரில் துளசி கல்யாணம் முடிந்தால்தான் சீசன் தொடங்கும்; அதற்கு மறுநாள் பாண்டுப்காரர் வண்டி கொண்டு வருவார். அன்று காலை தானே செவலை மேல் ஏறுவார். தள்ளாமல் மைதானத்தை ஒரு சுற்று வந்தால் அது இங்கேயே இருக்கும். தள்ளினால் வண்டியில் போகும். அந்த முதுகில் மாப்பிள்ளையும் ஜரிகையும் ஏறும், காதோரம் பேண்ட் வாசிப்பார்கள்.

ஷாகிர் அதற்குமேல் ஒரு நிபந்தனை போட்டான். "சேணம் கோணல்னு வெளிய தெரிஞ்சா நமக்குப் பை ஆர்டர்கூட வராது. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. ஒன்பது மணிக்குப் பட்டறையில இருக்கணும்." அவள் ஒத்துக்கொண்டாள். அதனால்தான் ஐந்து மணிக்கு முன்னால் புறப்பாடு. அதனால்தான் சந்து என்ன பேசினாலும் அவள் வாயடைத்து நடந்தாள். எனக்கும் அதே பூட்டு. குதிரையைப் பார்க்கப் போகிறாள் என்பதுவரை சொல்லலாம், சேணம் என்று வாய் தவறக் கூடாது.

முதல் ஆறு வாரம் செவலை முதுகில் ஒரு துணிகூடப் படவில்லை. டாக்டர் கொடுத்த மருந்து, ஓய்வு, நடை, அவ்வளவுதான். கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்து மணலில் இவள் முன்னே, அது பின்னே. நடத்துவது என்ன பெரிய வேலை என்று நான் கேட்டேன். "ஆச்சி, நான் நின்னா அது நிக்கணும், நான் திரும்புனா அது திரும்பணும், கயித்த இழுக்காம. அது என்னைப் பாத்துக்கிட்டே வருதான்னு தெரிஞ்சிக்கிடத்தான் நடக்கேன்" என்றாள். அதே நேரத்தில் அனந்த் சார் அவளை ஒரு கிழட்டுக் குதிரையில் ஏற்றி உட்காரப் பழக்கினார். அதற்குப் பதிலாக அங்கே கிழிந்து கிடந்த வார், கடிவாளம் எல்லாவற்றையும் அவள் தைத்துக் கொடுத்தாள். எட்டுத் தடவை விழுந்தாள். இடுப்புக்குத் தைலம் தேய்த்தவள் நான், எனக்குக் கணக்குத் தப்பாது.

ஜூலை மழையில் மைதானம் குளமாயிற்று. கொட்டகைக்குள் நீளக் கயிற்றில் வட்டம் சுற்றினார்கள். செவலை வலப்பக்க வட்டம் ஒழுங்காக வந்தது. இடப்பக்கம் திருப்பினால் உடம்பை மரக்கட்டையாக்கிக்கொள்ளும். நோவு போனாலும் நோவின் நினைப்பு போகவில்லை. அதனால் இடப்பக்கம் முதல் நாள் இரண்டே சுற்று. அடுத்த வாரம் மூன்று. ஓட்டம் முடிந்ததும் அதன் தாடைக்கடியில் விரலை வைத்து நாடி பார்ப்பாள். தோலில் தையல் எண்ணிப் பழகிய விரல், துடிப்பை விடாமல் எண்ணியது. முதலில் அது அடங்க அரை மணி நேரம் ஆயிற்று. ஆகஸ்டில் கால் மணி. செப்டம்பரில், அவள் கடிவாளத்தைக் கழுவி முடிப்பதற்குள் அடங்கிவிட்டது. அடங்கினால்தான் மறுநாள் ஒரு சுற்று கூடும். ஒரு நாள்கூட இந்தக் கணக்கை அவள் மீறவில்லை.

இனி அந்த அட்டைகள். வளைகிற ஈயக் கம்பியைச் செவலை முதுகின் குறுக்கே வைத்து அழுத்தி, அந்த வளைவு மாறாமல் எடுத்து அட்டையில் வரைந்து வெட்டினாள். பை தைக்கிறவர்கள் பேட்டர்ன் வெட்டுவது மாதிரிதான். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வெட்டினாள். முதல் அட்டையைப் பார்த்தால் கூரை மாதிரி நடுவில் கூர்மையாக, இரண்டு பக்கமும் பள்ளமாக இருக்கும். ஏழாவது அட்டையில் பள்ளம் நிரம்பி, தோள் திரண்டு, இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கும். குதிரைக்குச் சதை ஏற ஏற முதுகு மாறுகிறது. முதுகு மாறினால் சேணமும் மாற வேண்டும். ஒவ்வொரு அட்டைக்கும் அவள் செவலைக்கென்று தைத்த புதுச் சேணத்தின் மெத்தையைப் பிரித்துப் பஞ்சை மாற்றி அடைத்தாள். செய்வினை என்றார்களே, அது இதுதான்.

சேணத்தை முதுகில் வைக்கச் செவலை ஒத்துக்கொண்டது. வயிற்று வாரை இறுக்கினால்தான் காது பின்னால் போகும், பல் தெரியும். வாரில் துளைகள் ஒரு அங்குலத்துக்கு ஒன்று இருக்கும். ஒரு துளை இறுக்கினாலே அதற்கு உயிர் போகிற மாதிரி. சாயிமா வாரை வீட்டுக்குக் கொண்டுவந்து, துளைக்கும் துளைக்கும் நடுவே ஒரு அரைத் துளை போட்டாள். அரைத் துளை இறுக்கு, பத்தடி நட, இன்னொரு அரைத் துளை, இன்னும் பத்தடி. அப்படி இறுக்கினால் செவலை பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது.

அக்டோபரில் ஏறினாள். முதலில் சேணத்தின் மேல் குறுக்கே வயிற்றைச் சாய்த்துக் கிடந்தாள், சாக்கு மாதிரி. பிறகு கால் போட்டு உட்கார்ந்தாள். பிறகு நடை. பிறகு ட்ராட் என்று சொல்கிற துள்ளோட்டம். எல்லாம் நன்றாகப் போயிற்று. அதனால் அவளுக்கும் கொஞ்சம் தலை கனத்தது. ஒருநாள் பஸ் தாமதம். ஒன்பது மணிக்குப் பட்டறையில் இருக்க வேண்டுமே என்று ஒரே இழுப்பில் இரண்டு துளை இறுக்கிவிட்டு ஏறினாள். அடுத்த மூச்சில் மணலில் கிடந்தாள். தோள்பட்டை நீலமாக வீங்கிவிட்டது.

"குதிர மறுபடியும் தள்ளிட்டாட்டி?" என்று கேட்டேன்.

"அது தள்ளல. நான் அவசரப்பட்டேன்."

"இன்னும் எத்தன நாள் இருக்கு?"

"இருவது நாள்."

"பின்ன என்ன செய்யப் போற?"

"பழையபடி நடத்தப் போறேன்."

நாள் இல்லாத நேரத்தில் ஒரு வாரம் முழுக்க அதை நடத்தினாள், மே மாதம் நடத்தின மாதிரி. ஷாகிர் அந்த வாரம்தான் முதன்முதலாக, "பத்து மணிக்கு வா, போதும்" என்றான்.

துளசி கல்யாணத்துக்கு மறுநாள் நானும் போனேன். ஷாகிரும் வந்தான். பாண்டுப்காரரின் வண்டி, பின்கதவைத் திறந்து வைக்கோல் விரித்துத் தயாராக நின்றது. அனந்த் சார் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார். கட்டுப் பிரித்த கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். மனிதருக்கும் பயம் இருந்தது, எனக்குத் தெரிந்தது.

சாயிமா சேணம் வைத்தாள். அரைத் துளை. பத்தடி நடை. அரைத் துளை. பத்தடி நடை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றார் அனந்த் சார்.

"அவசரம்னா வண்டியில ஏத்திருங்க சார்."

ஐந்து தடவை நடந்து முடித்த பிறகு அவள் கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தாள். கனத்த மனிதர். மரப்படியில் ஏறி நின்று காலைப் போட்டார். சேணம் கிறீச்சென்றது. செவலையின் காது பின்னால் போயிற்று. ஷாகிர் என் கையைப் பிடித்தான், அவனுக்கே தெரியாமல். சாயிமா அசையவில்லை; தலையைத் திருப்பி எதிரே போகிற பாதையைப் பார்த்தாள், அவ்வளவுதான். செவலையும் அந்தப் பக்கம் பார்த்தது. காது முன்னால் வந்தது. நடந்தது.

ஒரு சுற்று. பேச்சு ஒரு சுற்றுக்குத்தான். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது சுற்று துள்ளோட்டம். மூன்றாவது சுற்றில் இடப்பக்கம் திருப்பி, பாய்ச்சலாக விட்டார். மணல் தெறிக்க எங்களைத் தாண்டிப் போகும்போது பார்த்தேன், அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. புண் இருந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தது. அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

பாண்டுப்காரர் சிராஜிடம் ஏதோ முனகிவிட்டு வண்டிக் கதவைச் சாத்தினார். வெறும் வண்டி புறப்பட்டது.

அனந்த் சார் இறங்கினார். லாயத்துக்கு நடந்துபோய்க் கடைசிக் கதவில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தார். அதிலேயே பூட்ஸைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"பந்தயத்துலேருந்து இன்னும் மூணு குதிரை வரது சாயிமா. பழக்க ஆள் வேணும். மைதானத்தை ஒட்டி ஒரு ரூம் இருக்கு, சின்னதுதான். நாலு மணிக்கு எழுந்து பஸ் பிடிக்க வேண்டாம்."

அவள் ஷாகிரைப் பார்த்தாள். ஷாகிர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவளிடம் பேசாமல் சாரிடம் பேசினான்.

"ஆறு சேணத்தையும் திருப்பி அனுப்புங்க சார். ஒவ்வொரு குதிரைக்கும் முதுகப் பாத்து, பிரிச்சு அடைச்சுத் தாரோம். தப்பு எங்க பட்டறைதுதான்."

அத்தனை பேர் முன்னால் அவனே சொல்லிவிட்டான். என் சத்தியம் தீர்ந்தது அந்த இடத்தில்தான். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராகக் குழாயடிக்குப் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை சாயிமா அந்த ரூமுக்குக் குடிபோகக் கிளம்பினாள். ஐந்து மணிக்கு இல்லை. காலை பத்து மணிக்கு, சந்தில் எல்லாப் பெண்களும் வாசலில் இருக்கிற நேரத்துக்கு. பத்து மணி வரைக்கும் இரு என்று சொன்னது நான்தான், அதற்கு நான் வெட்கப்படவில்லை. ஒரு பை, குத்தூசி உறை, கயிற்றில் கோத்த அட்டைகள். காலில் அவளே தைத்த முழங்கால் பூட்ஸ். அதற்குச் சாம்பிள் கிடையாது.

குழாயடியில் ஷாலினி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் பூட்ஸைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுப் பிள்ள ஒண்ணு இருக்கு. கூட்டிட்டு வந்தா ஏத்துவியாக்கா?"

"கூட்டிட்டு வா. மொத மாசம் லாயம்தான் கூட்டணும்."

"நானும் வரலாமா?"

"நீ செண்ட் பூசாம வா."

குழாயடியே சிரித்தது. ஷாலினியும் சிரித்தாள், குடத்துத் தண்ணீர் தளும்ப. சாயிமா என் பக்கம் ஒருமுறை திரும்பித் தலையசைத்தாள். அதன்பிறகு பூட்ஸ் சத்தம் சிமெண்டில் டக் டக்கென்று கேட்க, தோளில் அட்டைகள் ஒன்றோடொன்று இடிக்க, சந்தின் நடுவிலேயே நடந்து போனாள். ஒதுங்கி வழிவிட்டது மற்றவர்கள்தான்.